போர்டை மாற்றும் முன் லைசென்ஸைப் பாருங்கள்

ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகம், மஞ்சள் மண்டி, துணிக்கடை, அச்சகம் என்று சிறிய இடங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் தொழில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து ஒரே மாதிரியான போன்தான் அதிகம் வருகிறது. "மேடம், கேபினெட்டும் மானிட்டரும் நல்லாத்தானுங்க இருக்குது. உள்ள இருக்கறத மட்டும் மாத்திக் குடுத்துருங்க." அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். ஆகவே மதர்போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே மாறும்.

கொட்டேஷனில் இந்த மூன்றும் இருக்கும். எஸ்எஸ்டி இருக்கும், சர்வீஸ் சார்ஜ் இருக்கும். லைசென்ஸ் என்று ஒரு வரி இருக்காது. மெஷினை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து வந்து நிற்கும். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரைத் திறந்தால் எஜுகேஷனல் மோடு என்று காட்டும். அந்த மோடில் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் போட முடியும். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு போடக் கடைசி நாள் நெருங்குகிற வாரத்தில் இது நடந்தால் அக்கவுண்டன்ட் முகத்தைப் பார்க்க முடியாது.

மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. எந்த சாஃப்ட்வேர் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று கழற்றும் முன் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனவே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன், அந்த மெஷினில் உள்ள ஒவ்வொரு சாஃப்ட்வேரைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது இந்த மெஷினுக்குக் கொடுத்ததா, எனக்குக் கொடுத்ததா, என் நிறுவனத்துக்குக் கொடுத்ததா? மீதி எல்லாம் அந்தப் பதிலிலிருந்துதான் வரும்.

விண்டோஸ் எந்த வகை?

போனில் நான் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்று மூன்று எழுத்தை அடியுங்கள். மேலே வருவதை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து எழுத்து. ஒரு ஸ்பேஸ். கேள்விக்குறி இருக்கிற பட்டனில் கீழே இருக்கும் சாய்ந்த கோடு. அதை ஒட்டியே டி, எல், ஐ. என்டர் தட்டிவிட்டுச் சில விநாடி பொறுத்தால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதை மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் எனக்கு அனுப்பிவிடச் சொல்வேன்.

அந்தப் பெட்டியில் 'டிஸ்கிரிப்ஷன்' வரியின் முடிவில் 'சேனல்' என்ற சொல் இருக்கும். அதற்கு முன்னால் ஓஇஎம் என்று இருந்தால், விண்டோஸ் மெஷினோடு சேர்த்து விற்கப்பட்டது. அந்த மெஷினைவிட்டு வெளியே வராது. ஓஇஎம் டிஎம் என்று இருந்தால் கீ, அதாவது ஆக்டிவேட் செய்யும் 25 எழுத்து, போர்டில் இருக்கும் பயாஸுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் 8 காலத்துக்குப் பின் வந்த பிராண்டட் மெஷின்களில் இதுதான். ரீடெய்ல் என்றால் நீங்கள் தனியாக வாங்கியது, ஒரு மெஷினிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். வால்யூம் என்றால் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வந்தது. அந்த நிறுவனம் உங்களுடையது இல்லையென்றால் அந்த லைசென்ஸும் உங்களுடையது இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, டெக்னீஷியன்களே இதில் விழுகிறார்கள். அதே பெட்டியில் 'பார்ஷியல் புராடக்ட் கீ' என்று கடைசி ஐந்து எழுத்தைக் காட்டும். அது 3-வி-6-6-டி என்றோ 8-எச்-வி-எக்ஸ்-7 என்றோ இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். முதலாவது புரோ பதிப்புக்கும் இரண்டாவது ஹோம் பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் உலகம் முழுக்க வைத்திருக்கும் பொதுக் கீ. விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக 10-க்கு ஏறிய மெஷின்களில் இதுதான் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் 'ரீடெய்ல் சேனல்' என்று பளிச்சென்று போட்டிருக்கும். அதை நம்பி, வேறு மெஷினுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடியில் இருந்த விண்டோஸ் 7 ஓஇஎம் என்றால், மேலே ஏறிய 10-ம் ஓஇஎம்தான். கேபினெட் பக்கவாட்டில் அழுக்கேறிப்போன அந்தச் சின்ன ஸ்டிக்கரைப் பாருங்கள், உண்மையான வகை அதில் இருக்கும். ஸ்டிக்கரும் மங்கிவிட்டது என்றால் பழைய பில்லைத் தேட வேண்டியதுதான்.

அசெம்பிள்டு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் "ஒரிஜினல் விண்டோஸ்தான் சார்" என்று போட்டுத் தருவது பெரும்பாலும் அசெம்பிள் செய்பவர்களுக்கான ஓஇஎம் பேக். அது ஒரிஜினல்தான். ஆனால் முதலில் எந்த மெஷினில் போட்டார்களோ அதோடு அதன் பயணம் முடிந்தது. ரீடெய்ல் வாங்கினால் விலை கூடுதல். அடிக்கடி போர்டு மாற்றுகிறவர் என்றால் அந்தக் கூடுதல் விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

போர்டு என்றால் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஓஇஎம் லைசென்ஸை வண்டியின் ஆர்சி புக் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டயர் மாற்றலாம், சீட் மாற்றலாம், பேட்டரி மாற்றலாம். சேஸிஸ் மாறினால் அது வேறு வண்டி. கம்ப்யூட்டரில் சேஸிஸ் என்பது மதர்போர்டு. ரேம், ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினெட் எதை மாற்றினாலும் ஓஇஎம் லைசென்ஸ் அப்படியே தொடரும். "எஸ்எஸ்டி போட்டா விண்டோஸ் போயிருமுங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. போகாது. அதே பதிப்பைப் புது எஸ்எஸ்டியில் போட்டு, கீ கேட்கும் இடத்தில் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தட்டி, இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். பதிப்பு மட்டும் மாறக் கூடாது. ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டுவிட்டு, ஆக்டிவேட் ஆகவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

மதர்போர்டுக்கும் ஒரு விலக்கு உண்டு. போர்டு கெட்டுப்போய் அதற்குப் பதிலாகப் போட்டால் லைசென்ஸ் தொடரும். அதுவும் அதே தயாரிப்பு, அதே மாடல், அல்லது வாரண்டியில் தயாரிப்பாளர் தருகிற இணையான போர்டு என்று இருக்க வேண்டும். வேகம் போதவில்லை, விண்டோஸ் 11 ஏறவில்லை என்பதற்காக நீங்களாக மாற்றினால் மைக்ரோசாஃப்ட் விதிப்படி அது புது கம்ப்யூட்டர். புது கம்ப்யூட்டருக்குப் புது லைசென்ஸ். கேபினெட், மானிட்டர், மவுஸ் எல்லாம் பழையதாக இருப்பது கணக்கில் வராது.

இந்த இடத்தில்தான் மண்டிக்காரர்களோடு எனக்கு வாக்குவாதம் வரும். "காசு குடுத்துத்தானுங்க வாங்குனோம்? ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு?" என்பார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் வாங்கியது விண்டோஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர். விண்டோஸைத் தனியாக வாங்கவில்லை. மெஷினுக்குள் சேர்த்துத் தந்ததால்தான் தயாரிப்பாளருக்கு அது மலிவாகக் கிடைத்தது, அந்த மலிவுக்கான நிபந்தனை இது. நான் இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறத்தான் செய்யும். மாறட்டும். கொட்டேஷன் கட்டத்தில் மாறினால் போதும், பில் கட்டிய பிறகு மாறக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக்டிவேட் ஆவது வேறு, உரிமை இருப்பது வேறு. புது போர்டு போட்ட பிறகும் ஓஇஎம் விண்டோஸ் சில நேரம் சத்தமில்லாமல் ஆக்டிவேட் ஆகிவிடும். ஆகிவிட்டதாலேயே லைசென்ஸ் வந்துவிட்டது என்று ஆகாது. மறுபக்கம், முறையாக ரீடெய்ல் வாங்கியவருக்கு சர்வர் முரண்டு பிடிக்கும். அவரிடம் உரிமை இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் ஆதரவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது பில்லும் கீ அட்டையும்.

ரீடெய்ல் அல்லது டிஜிட்டல் லைசென்ஸ்: மாற்றும் வரிசை

கழற்றும் முன் செய்ய வேண்டியது மூன்று. முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 10 என்றால் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள் இருக்கும். 'டிஜிட்டல் லைசென்ஸ் லிங்க்டு டு யுவர் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்பது மைக்ரோசாஃப்ட் சர்வரில் உங்கள் மெஷின் பேரில் பதிவாகியிருக்கும் லைசென்ஸ். அந்தச் சொல்லோடு நின்றுவிட்டால் அக்கவுண்ட் இணைக்கப்படவில்லை. அங்கேயே 'ஆட் அன் அக்கவுண்ட்' கொடுத்து இணையுங்கள். யாருடைய மெயில் என்பது முக்கியம். வேலையை விட்டுப்போன பையனின் சொந்த ஜிமெயிலில் ஒரு முழு அலுவலகத்தின் லைசென்ஸ்களும் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ ஒரு மெயில் தொடங்கி அதில் இணையுங்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டருக்குப் புரிகிற பெயர் வையுங்கள். இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். போர்டு மாற்றிய பிறகு 'இந்த மெஷின்களில் எது உங்களுடையது' என்று ஒரு பட்டியல் வரும். எல்லாமே 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாக நிற்கும். ஏழெட்டு மெஷின் இருக்கும் அலுவலகத்தில் எது எது என்று யாருக்குத் தெரியும்? கேஷ் கவுண்டர், அக்கவுண்ட்ஸ், குடோன் என்று முன்பே பெயர் மாற்றிவிட்டால் வேலை சுலபம்.

மூன்றாவது லைசென்ஸ் விஷயமே இல்லை, ஆனால் இதை விட்டால் மற்றது எதற்கும் பயனில்லை: பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. டிஸ்க் பூட்டின் சாவி டிபிஎம்மில் இருக்கிறது. புதிய மெஷின்களில் டிபிஎம் போர்டோடு சேர்ந்தது. போர்டு மாறினால் நீலத்திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் டேட்டா கிடையாது, எந்த டெக்னீஷியனாலும் எடுக்க முடியாது. இப்போது வரும் விண்டோஸ் 11 மெஷின்களில் உங்களைக் கேட்காமலேயே என்கிரிப்ஷன் ஆனாகி இருக்கும். கழற்றும் முன் அதை சஸ்பெண்ட் செய்யுங்கள். 48 இலக்கத்தையும் தாளில் எழுதி, உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் இருப்பதோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு போர்டை மாற்றுங்கள். விண்டோஸ் எழுந்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தில் பிழை எண் வரும்; முடிவில் எஃப்211 என்றிருந்தால் 'ஹார்டுவேர் மாறிவிட்டது' என்று பொருள், பயப்பட வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே நுழைந்து 'ட்ரபிள்ஷூட்' கொடுங்கள். 'ஐ சேஞ்ச்டு ஹார்டுவேர் ஆன் திஸ் டிவைஸ் ரீசன்ட்லி' என்ற வரியைத் தட்டுங்கள். அக்கவுண்டும் பாஸ்வேர்டும் கேட்கும். பட்டியலில் பழைய பெயரைப் பிடித்து, 'இப்போது நான் பயன்படுத்துவது இதுதான்' என்று டிக் அடித்து ஆக்டிவேட் கொடுங்கள். இப்படி எத்தனை முறை செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. சோதனை பார்க்கிறேன் என்று திரும்பத் திரும்பப் போர்டை மாற்றி விளையாட வேண்டாம்.

அட்டையில் அச்சிட்ட கீ வாங்கியவர் மெஷினையே மாற்றுகிறார் என்றால், பழைய மெஷினில் முதலில் கீயை எடுங்கள். முன்பு சொன்ன அதே ஐந்து எழுத்து, ஸ்பேஸ், சாய்கோடு, யூ, பி, கே. என்டர். கீ போய்விட்டது என்று சொல்லும். பிறகு புது மெஷினில் 'சேஞ்ச் புராடக்ட் கீ' கொடுத்து 25 எழுத்தையும் அடியுங்கள். பிழை எண்ணின் முடிவில் சி008 என்று வந்தால் அந்தக் கீ வேறெங்கோ ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்கிறார்கள். அப்போதுதான் மைக்ரோசாஃப்ட் ஆதரவை அணுகும் நேரம்.

லேப்டாப் போர்டு

இந்தியாவில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்புதான் இருக்கும். வாரண்டியில் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரே போர்டை மாற்றினால் புது போர்டின் பயாஸில் கீயும் ஏற்றித் தர வேண்டும். மெஷினைத் திரும்ப வாங்கும்போதே அங்கேயே ஆன் செய்து ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'போர்டு பழுது, மாற்றப்பட்டது' என்று எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன விலக்குக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

வாரண்டி முடிந்து வெளியே சிப் லெவல் கடைகளில் போர்டு மாற்றும்போது கதை வேறு. உடைந்த வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த போர்டைப் போடுவார்கள். அதன் பயாஸில் அந்த லேப்டாப்பின் கீ இருக்கும். விண்டோஸ் போடும்போது அதுவே அந்தக் கீயைப் படித்துக்கொள்ளும். உங்களுடையது சிங்கிள் லாங்குவேஜ், வந்த போர்டு புரோ என்றால் இன்ஸ்டாலர் எதையும் கேட்காமல் புரோ போட்டுவிடும். "மேடம், புரோவே வந்துருச்சு!" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது செத்துப்போன இன்னொரு மெஷினின் லைசென்ஸ் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபீஸ்

லேப்டாப்போடு 'ஹோம் அண்ட் ஸ்டூடென்ட்' ஆபீஸ் இலவசமாக வந்திருக்கும், பெட்டியின் மேல் 'லைஃப்டைம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்பதில்லை, லேப்டாப்பின் ஆயுள். முதலில் திறக்கும்போது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அதைச் சேர்த்துக்கொள்ளும், அக்கவுண்ட் பக்கத்திலும் காட்டும். அதனால் புது லேப்டாப்புக்கும் வரும் என்று நினைக்கிறோம். வராது. அக்கவுண்ட் இங்கே பதிவேடு மட்டும், லைசென்ஸ் மெஷினோடு போகிறது.

தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ஒருமுறைக் கட்டண ஆபீஸ் வேறு. 2013-இல் ஆபீஸ் 2013 வெளிவந்தபோது அதை முதல் மெஷினைவிட்டு நகர்த்தவே கூடாது என்றுதான் விதி வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, அந்த மார்ச்சிலேயே விதி மாறியது. இப்போது நீங்கள் அதைப் புது மெஷினுக்கு மாற்றலாம், 90 நாளுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. ஹார்டுவேர் செத்துப்போனால் மட்டும் அந்த 90 நாள் பொருந்தாது. பழையதில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதியதில் போடுங்கள்.

மாதம் அல்லது வருடம் கட்டும் மைக்ரோசாஃப்ட் 365-இல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது ஆளுக்குக் கொடுத்தது. ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து சாதனங்களில் சைன் இன் செய்திருக்கலாம். பழையதில் சைன் அவுட், புதியதில் சைன் இன். அடோபி கிரியேட்டிவ் கிளவுடும் இப்படித்தான், இரண்டு மெஷின் வரை. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் பழைய மெஷினை விற்ற பிறகு நினைவு வந்தாலும் கவலை வேண்டாம், மூன்றாவதில் நுழையும்போது பழையதை வெளியேற்ற அதுவே வழி காட்டும்.

டாலி, அப்புறம் பூட்டு போட்ட மற்ற சாஃப்ட்வேர்கள்

ஈரோட்டில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாமல் இரண்டு வாரம் ஓட்டுவார்கள். டாலி ஒரு மணி நேரம் நின்றால் போன் வந்துவிடும். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

டாலி லைசென்ஸ் மெஷினில் ஆக்டிவேட் செய்யப்படுகிறது, ஆனால் உங்களுக்குச் சொந்தமானது. அதை எடுத்து வேறு மெஷினில் போட ஒழுங்கான வழி இருக்கிறது. அதற்குப் பெயர் சரண்டர். போர்டு மாற்றும் முன், ஃபார்மட் அடிக்கும் முன், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்டர்நெட் இருக்கும்போதே செய்ய வேண்டும். டாலிபிரைமில் எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸுக்குள் லைசென்ஸ் போங்கள். அங்கே சரண்டர் இருக்கும். அட்மின் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும். முடிந்ததும் அந்த மெஷின் எஜுகேஷனல் மோடுக்குப் போய்விடும். போனால்தான் சரண்டர் ஆனது. புது மெஷினில் டாலி போட்டு, சீரியல் நம்பரும் அதே மெயிலும் கொடுத்து ஆக்டிவேட் செய்யுங்கள். அன்லாக் கீ அந்த மெயிலுக்கு வரும்.

சிக்கல் எப்போதும் அந்த மெயில்தான். டாலி வாங்கிய அன்று கவுண்டரில் இருந்த அக்கவுண்டன்ட் தன் மெயிலைக் கொடுத்திருப்பார். அவர் இப்போது கோவையில் வேறு மில்லில் இருப்பார். அவரை போனில் பிடித்து, "சார், உங்க மெயிலுக்கு ஒரு கீ வந்திருக்குங்களா பாருங்க" என்று கெஞ்ச வேண்டியிருக்கும். இன்றைக்கே உங்கள் டாலியைத் திறந்து அட்மின் மெயில் யாருடையது என்று பாருங்கள், நிறுவனத்தின் மெயிலுக்கு மாற்றிவிடுங்கள். மெஷின் திடீரென்று செத்து சரண்டர் செய்ய முடியாமல் போனால் ரீசெட் செய்ய வழி உண்டு. அதற்கும் இந்த மெயில்தான் வேண்டும்.

பல மெஷினில் ஓடும் கோல்டு லைசென்ஸ் என்றால், அது ஏதாவது ஒரு மெஷினில் உட்கார்ந்துகொண்டு மற்றவற்றுக்கு லேன் வழியாகக் கொடுக்கிறது. அந்த ஒன்றை நீங்கள் மாற்றினால் அலுவலகமே எஜுகேஷனல் மோடுக்குப் போகும். எது அந்த மெஷின் என்று முன்பே கண்டுபிடித்து அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். டிஎஸ்எஸ் என்பது வருடாந்திரச் சந்தா. அது முடிந்திருந்தாலும் லைசென்ஸ் உங்களுடையதுதான், புதிய வெளியீடுகளும் இன்டர்நெட் வழிச் சேவைகளும்தான் கிடைக்காது. டேட்டா ஃபோல்டரைத் தனியாக காப்பி எடுங்கள். லைசென்ஸை நகர்த்தினால் டேட்டா கூட வராது.

உள்ளூரில் எழுதி விற்கும் பில்லிங் சாஃப்ட்வேர், மெடிக்கல் ஷாப் சாஃப்ட்வேர், நகைக்கடை சாஃப்ட்வேர் இவற்றுக்கு எழுதப்பட்ட விதி என்று எதுவும் கையில் இருக்காது. எதோடு பூட்டியிருக்கிறார்கள் என்பதை எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். சிலர் ஹார்டு டிஸ்க்கின் சீரியலோடு பூட்டுவார்கள், அப்போது எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தாலும் ஓடாது. சிலர் டிரைவின் வால்யூம் சீரியலோடு பூட்டுவார்கள். குளோன் செய்தால் ஓடும், ஃபார்மட் செய்தால் ஓடாது. சிலர் நெட்வொர்க் கார்டின் மேக் அட்ரஸோடு. அது போர்டிலேயே இருப்பதால் போர்டோடு போய்விடும். எழுதியவர் போனை எடுக்கிற நாளில், அவர் ஊரில் இருக்கும்போது மெஷினை மாற்றுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம்.

திருப்பூர் பக்கம் பேட்டர்ன், எம்ப்ராய்டரி டிசைன் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களிடம் டாங்கிள் இருக்கும். லைசென்ஸே அந்தச் சின்னத் துண்டுதான். மெஷின் எதுவானாலும் செருகினால் ஓடும், தொலைத்தால் புதிதாக வாங்குகிற மாதிரிதான். பழைய டாங்கிள் பிரிண்டர் போர்ட்டில் செருகும் வகையாக இருந்தால் புது போர்டில் அதற்கு இடமே இருக்காது. மெஷினை ஆர்டர் செய்யும் முன் கம்பெனியிடம் பேசி யூஎஸ்பி டாங்கிளாக மாற்றிக்கொள்ளுங்கள். டிஎஸ்சி டோக்கனையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் இருப்பது உங்கள் டிஜிட்டல் கையெழுத்து, சாஃப்ட்வேர் லைசென்ஸ் இல்லை. புது மெஷினில் டிரைவர் போட்டால் போதும்.

சர்வர் வைத்திருக்கும் மருத்துவமனை, பள்ளிக்கு மட்டும் ஒன்று. விண்டோஸ் சர்வர் 2016-லிருந்து கணக்கு ப்ராசசரில் உள்ள கோர்களுக்கு. ஒரு ப்ராசசருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் வேண்டும். 24 கோர் ப்ராசசர் போட்டால் 24-க்கும் வேண்டும். கூடவே, சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ மெஷினுக்கோ தனியாக வாங்கும் சிஏஎல் லைசென்ஸ், பழைய பதிப்புக்கு வாங்கியது என்றால் புதிய பதிப்பு சர்வருக்குச் செல்லாது. சர்வர் கொட்டேஷனில் இந்த இரண்டையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐநூறு ரூபாய்க் கீ

லைசென்ஸுக்குத் தனியாகக் காசு என்றவுடன் அடுத்த கேள்வி இதுதான். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே? அங்கே கிடைப்பதில் பல, ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீயிலிருந்து கசிந்தவை. ஒரே கீயை ஏகப்பட்ட பேருக்கு விற்பார்கள், ஒருநாள் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கும். அது கேஎம்எஸ், அதாவது நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு ஆக்டிவேட் ஆகும் வகை என்றால் 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படாவிட்டால் தானே உதிரும். உங்கள் மெஷினில் இருப்பது அதுவா என்று பார்க்க, முன்பு சொன்ன ஐந்து எழுத்து, ஸ்பேஸ், சாய்கோடு, எக்ஸ், பி, ஆர். 'பெர்மனன்ட்லி ஆக்டிவேட்டட்' என்று வந்தால் தேதிக் கெடு இல்லை. ஒரு தேதி போட்டு முடியும் என்று வந்தால் அது வால்யூம் சரக்கு.

"ஐரோப்பாவில் பழைய லைசென்ஸை விற்கலாமாமே" என்று ஒரு ஆடிட்டர் என்னை மடக்கினார். உண்மைதான். 2012 ஜூலையில் ஆரக்கிள் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், காலவரையறை இல்லாமல் விற்ற சாஃப்ட்வேர் உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்றது. ஆனால் தன் காப்பியைச் செயலிழக்கச் செய்துவிட வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அது அந்த நாடுகளின் சட்டம். இங்கே பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு, உரிமமில்லாத காப்பி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. மண்டியில் பில் போடும் மெஷினுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

இதெல்லாம் கட்டுப்படியாகாது என்கிறவருக்கு நான் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் போட்டுத் தருகிறேன். அங்கே போர்டு மாற்றினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. டாலி அதில் நேரடியாக ஓடாது என்பதால், டைப்பிங்கும் மெயிலும் மட்டும் பார்க்கிற மெஷின்களுக்கு மட்டும்.

பழைய மெஷினை விற்கும்போதும், வாங்கும்போதும்

ஓஇஎம் லைசென்ஸ் மெஷினோடு சேர்ந்தே விற்கப்படலாம். வாங்குகிறவருக்கு அது முறையான லைசென்ஸ். விற்கும்போது கேபினெட் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். ரீடெய்ல் கீ போட்டிருந்தால் மட்டும் எடுத்துவிட்டு, அக்கவுண்டிலிருந்து சைன் அவுட் செய்து, டிஸ்க்கைத் துடைத்துக் கொடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ பெரிய கம்பெனிகள் கழித்த மெஷினை வாங்குகிறீர்கள் என்றால், அதில் ஓடும் விண்டோஸ் அந்தக் கம்பெனியின் வால்யூம் லைசென்ஸாக இருக்கலாம். அது அவர்களோடு நின்றுவிடும், மெஷினோடு வராது. ஆனால் அடியில் அந்த மெஷின் வாங்கியபோது வந்த ஓஇஎம் கீ பயாஸில் தூங்கிக்கொண்டிருக்கலாம். கடைக்காரர் போட்டுத் தந்ததை அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைச் சுத்தமாகப் போடுங்கள். பயாஸில் கீ இருந்தால் அதுவே எடுத்துக்கொண்டு ஆக்டிவேட் ஆகும். கடையிலேயே டி, எல், ஐ பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வால்யூம் என்று வந்து, பயாஸிலும் கீ இல்லையென்றால், விண்டோஸ் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.